கணுக்காலில் கட்டிய கடிகாரம்

1977-இல் ஹவாயின் ஒவாஹு தீவைச் சுற்றி ஓடும் ஒரு தொடர் ஓட்டப் போட்டி (ரிலே) முடிந்து, பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடல்வலு யாருக்கு அதிகம், ஓடுகிறவருக்கா நீந்துகிறவருக்கா என்று அங்கே ஒரு வாக்குவாதம் கிளம்பியது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் நடுவில் புகுந்து, சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துவந்த கடல் நீச்சல், சைக்கிள் சுற்று, ஹொனலுலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் ஒரே ஆள் செய்து பார்க்கட்டும் என்பது அவர் சொன்ன வழி. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தார்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லான் அதற்கும் முன்பே, 1974-இல் சான் டியாகோவின் மிஷன் பே கரையில் தொடங்கிவிட்டது. ஆனால் அயர்ன்மேன் என்ற முரட்டு வடிவம் பிறந்தது ஒரு ரிலேயின் பரிசளிப்பு விழாவில்தான். தனியாக முடிக்கத் தெம்பில்லாதவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து செய்வதுதான் ரிலே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும். அந்தப் பேச்சை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. தனிநபர் போட்டியும் ரிலேயும் ஒரே பாதையில் நடக்கும் இரண்டு வேறு விளையாட்டுகள். தனியாகப் போகிறவர் ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கும் கடனைத் தன் கால்களாலேயே அடைக்க வேண்டும். ரிலேயில் கால்களுக்குக் கடன் கிடையாது. நேரத்தை அளக்கக் கணுக்காலில் கட்டிய சிப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அதைக் கைமாற்றும் இடத்தில்தான் அணிகள் தோற்கின்றன.

தூரங்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறோம். ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் இரண்டு மடங்கு. அரை அயர்ன்மேன் எனப்படும் 70.3-இல் (மூன்றையும் கூட்டிய மைல் கணக்கு) 1.9, 90, 21.1 கி.மீ. 2018 முதல் சில ஆண்டுகள் கொழும்பிலும், 2019 முதல் கோவாவின் மிராமர் கடற்கரையிலும் நடந்தது இந்தத் தூரம்தான். கோவாவில் தனிநபர், ரிலே இரண்டுக்கும் இடமுண்டு என்பதால் இங்கே கணக்குகளைப் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்கே போடுகிறோம்.

கடல்

1.9 கி.மீ. நீச்சலுக்கு வழக்கமான கெடு 1 மணி 10 நிமிடம். 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி என்று வருகிறது. நீச்சல் குளத்தில் இது சுலபமாகத் தெரியும். கடலில் சிக்கல் வேகத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. குளத்தின் தரையில் கறுப்புக் கோடு உண்டு, கடலில் ஒன்றும் கிடையாது. வளைந்து வளைந்து போய் 1.9 கி.மீ.க்குப் பதிலாக 2.1 நீந்தினால், 100 மீட்டருக்கு 2:15 வேகத்தில் போகிறவருக்கு நாலரை நிமிடம் வீண். அதனால் ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கப் பழக வேண்டும். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும். முதலை போலக் கண் மட்டும் நீருக்கு மேல் வந்தால் போதும், மூச்சைப் பக்கவாட்டில் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மிதவை அலைக்குப் பின்னால் மறைந்துபோகும் என்பதால், அதன் நேர்க்கோட்டில் கரையில் இருக்கும் உயரமான கட்டடம் ஒன்றை முந்தைய நாளே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மிராமர், மாண்டவி ஆறு கடலில் கலக்கும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைப் பொறுத்து இழுப்பின் பக்கம் மாறும். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் நீர் வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கே போகும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், தெற்கே போவதை வன்னி என்றும் சொல்வார்கள். பயிற்சிக்கு இறங்குமுன் கரையில் வலை பிரிக்கிறவரிடம் இன்றைக்கு என்ன ஓட்டம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், செயலியைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டும் மிதவைப் பை விலை குறைவு, தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக் கொடுக்கும். கடலுக்குள் இழுக்கும் நீரில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகு திரும்புங்கள்.

உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் கடல் 28, 29 டிகிரியில் இருக்கும். வெட்சூட்டை அனுமதிக்கும் வரம்பு அதற்கு வெகு கீழே. அந்தப் பணத்தில் ஒரு நல்ல டிரை சூட் வாங்கினால் மூன்று கட்டத்துக்கும் உடை மாற்றாமல் அதே போதும். கழுத்து, அக்குள், சிப் பட்டைக்கு அடியில் கணுக்கால் ஆகிய இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். உப்புநீரோடு துணி உரசினால் ஐம்பதே நிமிடத்தில் தோல் உரிந்துவிடும். வாஸ்லின் தடவிய விரலோடு நீச்சல் கண்ணாடியைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கப் புகைமூட்டம்தான். ஆகவே கண்ணாடி முதலில், வாஸ்லின் பிறகு.

நீச்சலில் முன்னால் போகிறவரின் பாதத்தையோ இடுப்பையோ ஒட்டிப் போவது விதிப்படி சரி, உழைப்பும் கணிசமாக மிச்சமாகும். தனிநபர் போட்டியாளர் அதைத்தான் தேட வேண்டும், ஏனென்றால் அவருக்கு இன்னும் ஐந்தாறு மணி நேர வேலை பாக்கி. ரிலே நீச்சல்காரருக்கு மிச்சம் பிடிக்க எதுவுமில்லை, கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடலாம். அவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. படுத்த நிலையில் உழைத்த உடம்பு கரையில் சட்டென்று நிமிரும்போது ரத்தம் கால்களுக்கு இறங்கித் தலை சுற்றும். கடைசி 100 மீட்டரில் கால்களை வேகமாக உதைத்துக்கொண்டு வந்தால் அந்தத் தள்ளாட்டம் குறையும். நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வரை நீந்துங்கள். இடுப்பளவு நீரில் எழுந்து நடப்பது நீந்துவதைவிட மெதுவான வேலை.

சிப் கைமாறும் இடம்

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் இருப்பது டி1, சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் டி2. கடிகாரம் இரண்டிலும் நிற்காது. இரண்டிலும் சேர்த்து 5 நிமிடம் விட்டுவிட்டால், அதை 21.1 கி.மீ. ஓட்டத்தில் திரும்பப் பிடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 14 விநாடி வேகமாக ஓட வேண்டும். ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்த 14 விநாடியின் கனம் தெரியும். 5 நிமிடத்தை மிச்சப்படுத்தும் பயிற்சியோ வீட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

தனிநபர் போட்டியாளருக்குப் பொருள்களை வைக்கும் வரிசைதான் எல்லாம். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பட்டைகளை வெளியே விரித்து ஏரோ பார் (குனிந்து முழங்கையை ஊன்றும் முன்கம்பி) மேல் வையுங்கள். அதற்குள் கறுப்புக் கண்ணாடி. எண் அட்டையை இடுப்புப் பெல்ட்டில் முன்பே கோத்துவிடுங்கள். காலணியில் சாதாரண நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் நாடா போடுங்கள். உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர். விதி ஒன்று மட்டும் அனிச்சையாக வர வேண்டும்: ஹெல்மெட்டின் பக்கிள் கிளிக் என்று பூட்டிய பிறகுதான் சைக்கிளில் கை படலாம், சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் பக்கிளைக் கழற்றலாம். களைப்பில் இருக்கிறவர்கள் அதிகம் தவறுவது இரண்டாவதில்தான், டி2-க்குள் நுழையும்போதே கை தானாகத் தாடைக்குப் போய்விடும்.

ரிலேயில் நடப்பது வேறு. பொதுவான வழக்கம் இப்படி: சைக்கிள்காரர் தன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் பூட்டி நிற்பார். நீச்சல்காரர் ஓடி வருவார். சிப் பட்டையை அவர் காலிலிருந்து கழற்றித் தன் காலில் கட்டிய பிறகுதான் சைக்கிள்காரர் சைக்கிளை எடுக்க வேண்டும். இங்கே யார் குனிவது என்பதைப் பெரும்பாலான அணிகள் பேசிவைப்பதே இல்லை. மூச்சு வாங்கி, விரல்கள் நடுங்கி, கை ஈரத்தோடு வரும் நீச்சல்காரர் தன் காலையே தேடிக்கொண்டிருப்பார். தெம்பாக நிற்கும் ஆள்தான் குனிய வேண்டும். வருகிறவர் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் காலை நீட்டினால் போதும். இருபது முறை செய்து பாருங்கள், முதலில் 40 விநாடி ஆகும் வேலை 15-க்கு வந்துவிடும். பட்டை எப்போதும் இடது கணுக்காலில் இருக்கட்டும், வலது பக்கம் செயின் இருக்கிறது. கடலில் வெல்க்ரோ பிரிந்து சிப் தொலைந்துபோவது உண்டு. நீச்சலுக்கு முன் அதன்மேல் ஒரு ஊக்கு குத்துகிறவர்கள், அது 15 விநாடியை 30 ஆக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தேர்வு ஊக்கு வேண்டாம், பட்டையைப் புதிதாகக் கேட்டு வாங்குவது. பழைய பட்டையில் வெல்க்ரோ தேய்ந்திருக்கும்.

கூட்டத்தில் தன் வரிசையைத் தவறவிட்டுப் பக்கத்து வரிசைக்கு ஓடும் நீச்சல்காரர்கள் நிறைய. கண்ணாடியில் உப்பு, காதில் தண்ணீர், கத்தினாலும் கேட்காது. முந்தைய நாள் மாலை, கடல் பக்க வாசலிலிருந்து உங்கள் ஸ்டாண்டு வரை மூவரும் நடந்து பாருங்கள், எத்தனையாவது வரிசை என்று எண்ணிவையுங்கள். ரிலேக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும், சிப்பை யார் எங்கே மாற்ற வேண்டும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். முந்தைய நாள் விளக்கக் கூட்டத்துக்கு நீச்சல்காரரை மட்டும் அனுப்பிவைக்காமல் மூவரும் போங்கள்.

சைக்கிள்

ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய உச்ச ஆற்றல் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ.க்குப் பிறகு அரை மாரத்தான் ஓட வேண்டிய தனிநபர் அதில் 75 முதல் 78 சதவீதம், அதாவது 150 முதல் 156 வாட்டில் நிற்க வேண்டும். ரிலே சைக்கிள்காரர் 85 முதல் 88 சதவீதம் வரை, 170 முதல் 176 வாட் வரை போகலாம். ஆபத்து எங்கே என்றால் இருவரும் ஒரே சாலையில் ஓட்டுவதில். ரிலேக்காரர் ஒருவர் விர்ரென்று தாண்டிப் போகும்போது தனிநபருக்கும் கால் துடிக்கும். அப்போது அழுத்திய ஒவ்வொரு நிமிடமும் ஓட்டத்தின் பதினான்காவது கிலோமீட்டரில் நடையாகத் திரும்பி வரும். வாட் மீட்டர் இல்லாதவர்கள் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம்: முழு வாக்கியம் பேச முடிந்தால் தனிநபர் வேகம், நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரிலே வேகம்.

முன்னால் போகும் சைக்கிளின் நிழலில் ஒட்டிக்கொண்டு போவது இந்தத் தூரத்தில் தடை. 12 மீட்டர் இடைவெளி வேண்டும், அதற்குள் நுழைந்தால் 25 விநாடியில் தாண்டி முடிக்க வேண்டும். 12 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு நகரப் பேருந்தின் நீளம். மீறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வைப்பார்கள்.

சைக்கிளை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகிறவர்களுக்குப் பயணமே முதல் சோதனை. பின் கியர் தொங்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் பெட்டிக்குள் ஓர் அழுத்தத்திலேயே வளைந்துவிடும். வளைந்தால் பெரிய பல்லில் போடும்போது கியர் சக்கரக் கம்பிக்குள் போகலாம். கியரைக் கழற்றிப் பஞ்சில் சுற்றிக் கட்டுங்கள், உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை உபரியாக வைத்திருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு என்பதால் போகும் ஊரில் கிடைக்காது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவில் ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாரோ லிவரை அழுத்த, பிஸ்டன் மூடிக்கொள்ளும். காற்றடிக்கும் சின்ன சிலிண்டர்களை விமான நிலையத்தில் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், போன இடத்தில் வாங்குங்கள்.

போட்டிக்கு முந்தைய நாளே சைக்கிளை உள்ளே வைக்கச் சொல்வார்கள். மதிய வெயிலில் நிற்கப் போகிறது என்பதால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, விடிகாலையில் மறுபடி அடியுங்கள். 65 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் டியூப் போட்டிருந்தால் 85 பி.எஸ்.ஐ. பக்கம், 28 மி.மீ. என்றால் 70 முதல் 75. கல் போல அடித்தால் வேகம் என்பது பழைய நம்பிக்கை, சொரசொரப்பான சாலையில் அது அதிர்வைத்தான் கூட்டும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். குத்திய கம்பித் துண்டு அங்கேயே இருந்தால் இரண்டாவது டியூபும் இரண்டே நிமிடத்தில் போய்விடும். ரிலே அணியின் பஞ்சர் பையைச் சோதிக்கும் பொறுப்பு சைக்கிள்காரருடையது மட்டுமல்ல, அவர் சாலையோரம் உட்கார்ந்தால் மற்ற இருவரின் நேரமும் அங்கே உட்காரும்.

தண்ணீரும் உப்பும்

1978-இன் முதல் போட்டியில் முன்னணியில் இருந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தின்போது துணைக்கு வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள். அவர் இரண்டாவதாகத்தான் வந்தார். இன்று தண்ணீர் தீராது. கோளாறு நேர்மாறாக வருகிறது: வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து, ரத்தத்தில் உப்பு இறங்கி, வாந்தியும் தலைவலியுமாகச் சாய்கிறார்கள்.

உங்கள் வியர்வையை நீங்களே அளந்துவிடலாம். ஓடுமுன் எடை 68.0 கிலோ, ஒரு மணி நேரம் ஓடியபின் 67.1, நடுவில் குடித்தது 400 மி.லி. என்றால், மணிக்கு 1.3 லிட்டர் வியர்க்கிறது. அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை குடித்தால் போதும், முழுவதையும் வயிறு ஏற்காது. குடிக்கும் பானம் இப்படி: 500 மி.லி. தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும், கடையில் விற்கும் பொடிக்கு இது எந்த வகையிலும் குறைவில்லை. தனிநபர் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும், அதில் பெரும்பகுதி சைக்கிளில் இருக்கும்போதே. ஓட்டத்தில் குலுங்கும் வயிற்றுக்கு அதைத் தாங்கும் பொறுமை கிடையாது. 90-ஐ முதன்முதலாகப் போட்டி நாளில் முயலாதீர்கள். 40-இல் தொடங்கி வாரவாரம் ஏற்றி, குடலையும் காலைப்போலவே பழக்க வேண்டும்.

காத்திருப்பவர்

ரிலேயில் மிகக் கடினமான வேலை யாருக்கு என்று கேட்டால் ஓட்டக்காரருக்கு என்போம். நீச்சல்காரர் விடியலின் குளுமையில் இறங்குகிறார். ஓட்டக்காரரின் கைக்குச் சிப் வரும்போது பத்தரை மணி ஆகியிருக்கும். அதுவரை நாலு மணி நேரம் ஆரவாரத்தில் நின்று, கைதட்டி, மற்ற இருவரோடு விடிகாலை நாலு மணிக்கே சாப்பிட்டு, பசியும் வெயிலுமாக அவர் தொடங்குவார். சாதாரண அரை மாரத்தானை ஐந்தரை மணிக்குத் தொடங்கி எடுத்த நேரத்தை இங்கே எதிர்பார்ப்பதுதான் முதல் பிழை. கிலோமீட்டருக்கு 20 முதல் 30 விநாடி மெதுவாகத் தொடங்கச் சொல்வோம்.

அவருடைய காலை வேறு மாதிரி இருக்க வேண்டும். மற்றவர்களோடு எழுந்திருக்கத் தேவையில்லை. ஏழரைக்கு நாலு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பாரும் சட்னியும் வேண்டாம். பிறகு நிழலில் காலை நீட்டி உட்கார வேண்டும், நிற்கக் கூடாது. சைக்கிள்காரர் கிளம்பிய நேரத்தோடு அவருடைய சிறந்த கணிப்பையும் மோசமான கணிப்பையும் கூட்டி இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, கணிப்புகள் 2 மணி 45 நிமிடம், 3 மணி 10 நிமிடம் என்று இருக்கலாம். முதல் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு மெல்லோட்டம், 15 நிமிடம் முன்பு ஒரு ஜெல் (சின்னப் பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் குழம்பு), கழிப்பறை வேலை அதற்கும் முன்பே. சைக்கிள்காரர் வந்து நிற்க, ஓட்டக்காரர் கழிப்பறை வரிசையில் நின்ற கதை ரிலே நடக்கும் ஊரிலெல்லாம் உண்டு.

தனிநபருக்கு டி2-இல் காத்திருப்பது வேறொன்று. சைக்கிளிலிருந்து இறங்கிய கால்கள் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு யாருடையதோ போல இருக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரில் லேசான கியருக்கு மாறி வேகமாக மிதித்து, எழுந்து நின்று இடுப்பை நீட்டிக்கொண்டால் கொஞ்சம் தணியும். உண்மையான மருந்து பயிற்சியில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை 40 கி.மீ. ஓட்டிவிட்டு, சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு 3 கி.மீ. ஓட வேண்டும். நடுவில் காபி கூடாது.

இருவர் சேர்ந்து செய்யும் ரிலேயும் உண்டு. நீச்சலையும் ஓட்டத்தையும் ஒருவரே எடுப்பது சுலபமாகத் தோன்றும். நடுவில் மூன்று மணி நேரம் ஈர உடையில் உட்கார்ந்து இறுகிப்போன தோளும் தொடையும் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். உடை மாற்றுவதும் மணிக்கு ஐந்து நிமிடம் நடப்பதும் கட்டாயம்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் கலப்பு ரிலே இதிலிருந்து மாறுபட்டது. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், ஒவ்வொருவரும் மூன்றையும் குட்டித் தூரத்தில் செய்கிறார்கள்: 300 மீட்டர் நீச்சல், ஆறேழு கி.மீ. சைக்கிள், இரண்டு கி.மீ.க்குள் ஓட்டம். சிப் மாற்றுவது கிடையாது, குறித்த கட்டத்துக்குள் அடுத்தவரைக் கையால் தொட வேண்டும். டோக்கியோவில் அறிமுகமானபோது பிரிட்டன் வென்றது. பாரிஸில் 2024 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனி 1:25:39-இல் முடித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு விநாடி பின்னால் ஒரே நேரத்தில் வந்து, புகைப்படத்தைப் பார்த்து அமெரிக்காவுக்கு வெள்ளி என்று முடிவு செய்தார்கள். நான்கு பேர், பன்னிரண்டு கட்டங்கள், மூன்று கைதொடல்கள் முடிந்தபின் மிஞ்சிய வித்தியாசம் அவ்வளவுதான். அதில் சைக்கிள் ஒட்டி ஓட்டுவது அனுமதி. ஆகவே நீச்சலில் பத்து விநாடி பின்தங்கினால் முன்னணிக் கூட்டம் கைவிட்டுப் போய், தனியாகக் காற்றைக் கிழிக்க வேண்டும். நீச்சலின் விலை மற்ற எந்த ட்ரையத்லானையும்விட அங்கே அதிகம்.

நம் 70.3-க்குத் திரும்புவோம். கடைசிச் சில மீட்டர்களில் மற்ற இருவரும் சேர்ந்து ஓடிவரப் பல இடங்களில் விடுகிறார்கள், எங்கே சேர்ந்துகொள்ளலாம் என்று முன்பே கேட்டுவையுங்கள். கோட்டைத் தாண்டியதும் சிப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுங்கள், தொலைந்தால் பணம் கட்ட வேண்டிவரும். சைக்கிளை வெளியே எடுக்க அதில் ஒட்டிய எண்ணும் சைக்கிள்காரரின் மணிக்கட்டுப் பட்டையும் ஒத்துப்போக வேண்டும். அதனால் அவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் போவதற்கு முன், அந்தப் பட்டையை அறுத்து எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.